"நான் ஒன்றும் செய்யவில்லை" என்று சொல்லி நான் இழந்தவை

வேலையில் ஒரு காரியம் நல்லபடியாக முடிந்து யாராவது பாராட்டினால், "நான் ஒண்ணும் செய்யலைங்க, எல்லாம் ஆண்டவர் செஞ்சது" என்று சட்டென்று சொல்லிவிடும் பழக்கம் உங்களுக்கு உண்டா? எனக்கு உண்டு. ஓய்வுநாள் பள்ளியிலும் வாலிபர் கூட்டத்திலும் வீட்டு ஜெபத்திலும் கேட்டுக் கேட்டு ஊறிப்போன வார்த்தை அது. நம்மிடம் இருக்கிற எதுவும் நாமாக உண்டாக்கியது கிடையாது என்பதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதைச் சொல்கிற விதத்தால் ஒரு பதவி உயர்வும், அதைத் தொடர்ந்து வந்திருக்க வேண்டிய சம்பள உயர்வுகளும், கொஞ்ச காலத்துக்கு என் ஜெப வாழ்க்கையுமே கைநழுவிப் போகலாம் என்று யாரும் என்னை எச்சரிக்கவில்லை. சபையில் தாழ்மையைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அலுவலகத்தில் அந்தத் தாழ்மை எப்படி இருக்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லித் தந்ததில்லை. அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கிடங்கில் இருக்கும் சரக்குக்கும் ஏட்டில் இருக்கும் சரக்குக்கும் எங்களிடம் எப்போதும் ஒரு வித்தியாசம் வரும். தணிக்கை வரும்போதெல்லாம் அது பேச்சாகும், யாரோ ஒரு விளக்கம் எழுதுவார்கள், அடுத்த வருடம் மறுபடி முளைக்கும். ஒரு கட்டத்தில் அதைத் தீர்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. உதவிக்கு ஒப்பந்தத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் கொடுத்தார்கள். இரண்டு பேரும் மாலை எல்லாரும் போன பிறகு உட்கார்ந்து, வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பிய சரக்குகளின் சீட்டுகளைத் தரையில் தேதிவாரியாகப் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பல சீட்டுகளில் மை மங்கியிருக்கும். அந்தப் பெண் அவற்றை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, பேனா அழுந்திய தடத்தை வைத்தே எண்ணைப் படித்துச் சொல்வாள். கடைசியில் கோளாறு பிடிபட்டது. திரும்பி வரும் சரக்கைக் கிடங்கில் அது வந்து இறங்கிய தேதியிலும், கணக்கில் அதற்கான தாள் வந்து சேர்ந்த தேதியிலும் பதிந்திருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் மாத முடிவு வந்துவிட்டால் அதே சரக்கு கிடங்கில் ஒரு மாதத்திலும் ஏட்டில் அடுத்த மாதத்திலும் ஏறும். வருடக்கணக்காக இருந்த தலைவலி, ஒரு தேதியைப் பதியும் முறையை மாற்றியதும் தீர்ந்தது.

அன்று இரவு வீட்டுக்குப் போய் முழங்காலில் நின்று நன்றி சொன்னேன். அது உண்மையான நன்றி. சோர்ந்துபோய் விட்டுவிடலாம் என்று நினைத்த நாட்களில் நான் ஜெபித்திருந்தேன், அதற்குப் பதில் கிடைத்தது என்றுதான் இன்றும் நம்புகிறேன்.

அப்புறம் கூட்டம் நடந்தது. நிறுவனத்தின் பெரிய அதிகாரி வந்து உட்கார்ந்து, "இதை யார் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார். என் மேலதிகாரி என்னைப் பார்த்தார். நான் எழுந்து, "நான் பெரிசா ஒண்ணும் செய்யலை சார், எல்லாம் கடவுளோட கிருபை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். என் மேலதிகாரி எழுந்து, பிரிவில் தான் ஒரு முறையை வகுத்துக் கொடுத்ததாகவும், அதன்படி ஆட்கள் வேலை செய்ததாகவும் விளக்க ஆரம்பித்தார். மேலிடத்துக்குப் போன அறிக்கையில் அவர் பெயர் மட்டும்தான் இருந்தது. வருடாந்திர மதிப்பீட்டுப் படிவத்தில் முக்கியமான பங்களிப்பு என்ன என்று கேட்டிருந்த இடத்திலும் நான் ஒரே வரி எழுதினேன்: "கொடுத்த வேலையை முடித்தேன்." பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. சம்பள உயர்வு எல்லாருக்கும் போடுகிற குறைந்த அளவில் நின்றது. வருடாந்திர உயர்வைச் சதவீதக் கணக்கில் கொடுக்கும் இடங்களில் ஒரு வருடம் தவறினால் அந்த வருடத்தோடு போகாது. அடுத்தடுத்து வரும் உயர்வுகள் எல்லாம் அந்தக் குறைந்த தொகையின் மேல்தான் கணக்காகும். இது புரிய எனக்கே சில வருடங்கள் ஆயின.

பணம் போனது ஒரு பக்கம். அந்த ஒப்பந்தப் பெண்ணின் வேலை நீடிக்கப்படவில்லை. ஆட்களைக் குறைக்கும்போது, இவள் என்ன செய்தாள் என்பதற்கு எங்கேயும் எழுத்தில் ஒரு தடயம் இல்லை. கடைசி நாளில் என்னிடம் வந்து, "அக்கா, நீங்க கூட்டத்துல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் கேட்டாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. நான் எனக்கு வந்த புகழைத்தான் வேண்டாம் என்று தள்ளினேன் என்று நினைத்திருந்தேன். அதோடு அவள் உழைப்பும் சேர்ந்து மறைந்துபோனது.

அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் யாரும் பேசுவதில்லை. எனக்குக் கோபம் மேலதிகாரி மேல் மட்டும் இல்லை, ஆண்டவர் மேலும் இருந்தது. "மகிமையை உமக்குத்தானே கொடுத்தேன். அதை அந்த மனுஷன் எடுத்துக்கொண்டு போகும்படி ஏன் விட்டீர்?" என்று கேட்டிருக்கிறேன். இரவில் தூக்கம் பிடிக்காது. அலுவலகத்தில் அவர் குரல் கேட்டாலே வயிற்றைப் புரட்டும். சபையில் சொல்லலாம் என்றால், "பொறுமையா இரு, ஏற்ற காலத்தில கர்த்தர் உயர்த்துவார்" என்பார்கள். 1 பேதுரு 5:6 எனக்கும் மனப்பாடம்தான். அதைக் கேட்கும் தெம்பு அப்போது இல்லை. இதைப் பற்றி வருத்தப்படுவதே பெருமையோ என்ற குற்ற உணர்ச்சி வேறு. தாழ்மை உள்ளவளாக இருந்தால் இது வலித்திருக்கக் கூடாதே என்று என்னை நானே குத்திக்கொண்டேன். இப்படி ஒரு நிலையில் நீங்கள் இருந்தால் முதலில் இதைக் கேளுங்கள்: செய்த வேலையை இன்னொருவர் தன் பெயரில் எழுதிக்கொள்வது அநியாயம். அநியாயம் வலிப்பது பெருமை ஆகாது. யாக்கோபு 5:4 வயலை அறுத்தவர்களின் பிடிக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்றும், அந்தக் கூக்குரல் கர்த்தருடைய செவிகளில் பட்டது என்றும் சொல்கிறது. ஆகவே அந்த வலியை ஜெபத்தில் அப்படியே சொல்லலாம், அழகான வார்த்தையில் சுற்றிக் கொடுக்க வேண்டாம்.

எனக்கு வழி திறந்தது நெகேமியாவின் புத்தகத்தில். அதன் மூன்றாம் அதிகாரத்தை நான் எப்போதும் தாண்டிப் போய்விடுவேன், ஏனென்றால் அது முழுக்கப் பெயர்ப் பட்டியல். அந்தச் சமயத்தில் அதையே திரும்பத் திரும்பப் படித்தேன். எருசலேமின் அலங்கத்தில், அதாவது நகர மதிலில், யார் எந்தப் பகுதியைக் கட்டினார்கள் என்று வரிசையாக எழுதியிருக்கிறது. பிரதான ஆசாரியன் எலியாசிப் ஆட்டு வாசலைக் கட்டினார். ஒரு தட்டார் ஒரு பங்கைப் பழுதுபார்த்தார், அவர் பக்கத்தில் ஒரு தைலக்காரர். சல்லூம் என்பவரோடு அவர் குமாரத்திகளும் கட்டினார்கள் என்பதுகூட விடுபடவில்லை. சிலர் தங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள பகுதியைக் கட்டினார்கள் என்பதும் இருக்கிறது. வேலைக்குத் தோள் கொடுக்காத தெக்கோவா ஊர்ப் பிரபுக்களைப் பற்றியும் ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறது. பிறகு ஆறாம் அதிகாரத்தில், 52 நாளில் அலங்கம் கட்டி முடிந்ததைக் கண்ட பகைஞரே இந்தக் கிரியை தேவனால் கைகூடி வந்தது என்று அறிந்துகொண்டார்கள் என்று வருகிறது. மகிமை தேவனுக்குப் போனது, அதற்காக ஒரு பெயரையும் அழிக்கவில்லை. அந்தப் பட்டியல் இருந்ததனால் தேவனுடைய மகிமை ஒரு துளியும் குறையவில்லை. எங்கள் அறிக்கையில் அந்தப் பெண்ணின் பெயர் ஒரு வரியில் இருந்திருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று யோசித்தேன்.

பவுலும் இதைத்தான் செய்கிறார். 1 கொரிந்தியர் 15:10-ஐ நாம் பாதியாகத்தான் சாட்சியில் சொல்கிறோம்: "நான் இருக்கிறது தேவகிருபையினாலே இருக்கிறேன்." அதே வசனத்தில் "அவர்களெல்லாரிலும் நான் அதிகமாய்ப் பிரயாசப்பட்டேன்" என்றும் இருக்கிறது. மற்ற அப்போஸ்தலரைவிட அதிகமாக உழைத்தேன் என்று கூச்சப்படாமல் சொல்லிவிட்டு, உடனே "ஆகிலும் நான் அல்ல, என்னுடனே இருக்கிற தேவகிருபையே" என்கிறார். உழைப்பை மறைத்து அவர் கிருபையை உயர்த்தவில்லை. யோசேப்பும் பார்வோன் முன்னால் "நான் அல்ல" என்று ஆரம்பித்தார். ஆனால் அதோடு உட்கார்ந்துவிடவில்லை. பார்வோன் கண்ட சொப்பனத்தின் பொருளைச் சொல்லி, பரிபூரணமான ஏழு வருடங்களில் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை வாங்கிச் சேமிக்க வேண்டும் என்று திட்டத்தையும் முன்வைத்தார். நான் கூட்டத்தில் "நான் அல்ல" என்ற பகுதியை மட்டும் சொல்லியிருக்கிறேன். தானியேல் 2-இல் ராஜாவின் சொப்பனத்துக்கு அர்த்தம் சொல்ல ஆள் தேவைப்பட்டபோது, ஆரியோகு என்ற அதிகாரி ராஜாவிடம் ஓடிப்போய் "ஒரு புருஷனைக் கண்டுபிடித்தேன்" என்கிறார். உண்மையில் தானியேல்தான் அவரைத் தேடிப் போனார். ஆக, என் மேலதிகாரி செய்தது புதிதும் அல்ல. தானியேல் அதற்காக ஆரியோகோடு சண்டைக்குப் போகவில்லை, வாயை மூடிக்கொண்டும் இருக்கவில்லை. பரலோகத்தில் இருக்கிற தேவனை முன்னால் வைத்துவிட்டு விஷயத்தை முழுசாகச் சொன்னார். தன்னோடு சேர்ந்து ஜெபித்த மூன்று நண்பர்களுக்கும் பொறுப்புகள் கிடைக்கும்படி ராஜாவிடம் கேட்டும் கொண்டார்.

வேதத்துக்கு வெளியே இசைக்காரர் பாஹ் ஒரு நல்ல உதாரணம். 1685-இல் பிறந்து 1750-இல் இறந்தவர். தேவாலயத்துக்கு எழுதிய பல இசைப் பிரதிகளின் முடிவில், தேவனுக்கு மட்டுமே மகிமை என்று பொருள்படும் மூன்று லத்தீன் எழுத்துகளைப் போடுவார். அதே மனிதர் 1730-இல் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், தன் வேலையில் எதிர்பார்த்த வருமானம் வரவில்லை என்று காரணங்களோடு விவரமாக எழுதியிருக்கிறார். இது தெரிந்தபோது எனக்குப் பெரிய ஆறுதல். மகிமையைத் தேவனுக்குக் கொடுத்தவர் கூலியைப் பற்றிப் பேசக் கூச்சப்படவில்லை.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். இப்போது பாராட்டு வந்தால் நான் மூன்று விஷயத்தைச் சொல்லாமல் உட்காருவதில்லை: என்ன வேலை நடந்தது, யார் யார் செய்தார்கள், அதற்காக நான் யாருக்கு நன்றியுள்ளவளாக இருக்கிறேன். "திரும்பி வந்த சீட்டுகளை நானும் இன்னாரும் தேதிவாரியா ஒப்பிட்டுப் பார்த்தோம், அப்போ இந்தத் தப்பு தெரிஞ்சது. அதைக் கண்ணில் காட்டின கடவுளுக்கு நன்றி" என்றால் போதும். இதில் பெருமையடித்ததும் இல்லை, பொய்யும் இல்லை. விசுவாசத்தைப் பற்றிப் பேச முடியாத இடமாக இருந்தால் கடைசி வாக்கியத்தை வீட்டுக்கு வந்து ஜெபத்தில் சொல்லிக்கொள்ளலாம், முதல் இரண்டையும் விட்டுவிட வேண்டாம். "உன் வாய் அல்ல, புறத்தியானே உன்னைப் புகழட்டும்" என்ற நீதிமொழிகள் 27:2-ஐ இதற்குத் தடையாக வைத்துக்கொண்டிருந்தேன். அது தன்னைத் தானே புகழ்வதைப் பற்றியது. மதிப்பீட்டுப் படிவத்தில் கேட்கிற கேள்விக்கு உண்மையான பதில் எழுதுவது புகழ்ச்சி ஆகாது, அது கணக்கு ஒப்புவித்தல். இயேசு சொன்ன தாலந்து உவமையில், கொடுத்துவிட்டுப் போன பணத்துக்குக் கணக்குக் கேட்க எஜமான் திரும்பி வந்தபோது ஒரு ஊழியக்காரன் "ஐந்து தாலந்தை என்னிடத்தில் ஒப்புவித்தீரே" என்று அவர் கொடுத்ததை முதலில் சொன்னான், பிறகு வேறு ஐந்து தாலந்து சம்பாதித்ததையும் சொன்னான். இரண்டையும் சொன்னவனைத்தான் எஜமான் உத்தமன் என்றார்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. "நான் ஒன்றும் செய்யவில்லை" என்று சொல்லும்போது, எதிரில் இருப்பவர் "ஆமாம், நீங்கள் ஒன்றும் செய்யவில்லைதான்" என்று ஏற்றுக்கொண்டால் நமக்கு எப்படி இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். வலிக்கும் என்றால் அந்த வாக்கியம் நாவிலிருந்து வந்ததே தவிர மனதிலிருந்து வரவில்லை. நான் நம்பாத ஒன்றைப் பக்தியான தொனியில் சொல்வதைத் தேவன் தாழ்மையாக ஏற்றுக்கொள்வார் என்று எனக்குத் தோன்றவில்லை. கொலோசெயர் 2:23-இல் "மாயமான தாழ்மை" என்றே ஒரு சொல் இருக்கிறது. ரோமர் 12:3 கேட்பது "தெளிந்த எண்ணம்". மிஞ்சியும் எண்ணக் கூடாது, உள்ளதை இல்லை என்றும் சொல்லக் கூடாது.

அடுத்த முறை படிவம் வந்தபோது விவரமாக எழுதினேன், உடன் உழைத்தவர்களின் பெயர்களோடு. அங்கீகாரம் கிடைத்தது. கிடைத்ததும் வேறொரு சோதனை வாசலில் நின்றது. இத்தனை காலம் அமுங்கிக் கிடந்ததாலோ என்னவோ, இனி நான் யார் என்று காட்டுகிறேன் என்ற எண்ணம் வேகமாக எழும்பியது. உபாகமம் 8:17 எச்சரிப்பது இதைத்தான்: "என் சாமர்த்தியமும் என் கைப்பெலனும்" என்று இருதயத்தில் சொல்லிக்கொள்வது. வாயால் சொல்ல வேண்டியதில்லை, இருதயத்தில் சொன்னாலே போதும். லூக்கா 18-இல் வரும் பரிசேயனும் "தேவனே, உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்றுதான் ஜெபத்தை ஆரம்பித்தான் என்பது என்னை உலுக்கிய விஷயம். ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே அவன் தூரத்தில் நின்ற ஆயக்காரனை அளந்துகொண்டிருந்தான். அதனால் வெற்றி வந்த நாளில் நான் ஒரு காரியம் செய்கிறேன். அந்த வேலையில் நான் உண்டாக்காதவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி நன்றி சொல்வேன்: எனக்கு முதன்முதலில் பேரேடு எழுதக் கற்றுத் தந்தவர், அந்த மாதம் முழுக்க நோய் வராமல் இருந்த உடம்பு, சரியான நேரத்தில் கையில் அகப்பட்ட ஒரு பழைய கோப்பு. பொதுவாக "எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம்" என்று சொல்லும்போது இறங்காத தலை, இப்படி விவரமாகச் சொல்லும்போது தானாக இறங்குகிறது. அந்த மனிதர்களில் உயிரோடு இருப்பவர்களுக்கு ஒரு அழைப்பாவது பேசிவிடுவேன். கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டோம் என்பதற்காக மனிதர்களுக்குச் சொல்ல வேண்டியதை விட்டுவிடக் கூடாது.

சபையில் சாட்சி சொல்வது பற்றியும் ஒரு வார்த்தை. நான் இழந்துகொண்டிருந்த காலத்தில், பதவி உயர்வு கிடைத்த ஒருவர் முன்னால் நின்று, "உண்மையா ஜெபிச்சேன், கர்த்தர் உண்மையுள்ளவர், கொடுத்தார்" என்றார். அவர் மனதில் தவறு ஏதும் இல்லை. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு, அப்படியானால் நான் உண்மையாக ஜெபிக்கவில்லையா என்று கேட்டது. அப்போஸ்தலர் 12-ஐ வாசித்துப் பாருங்கள். அந்த ஒரே அதிகாரத்தில் யாக்கோபு பட்டயத்தால் கொலை செய்யப்படுகிறார், பேதுருவைத் தூதன் சிறையிலிருந்து வெளியே கொண்டுவருகிறான், முடிவில் தேவனுக்கு மகிமையைச் செலுத்தாத ஏரோது அடிபட்டுச் சாகிறான். பேதுரு மரியாளின் வீட்டுக்கு வந்து, கர்த்தர் தன்னைக் காவலிலிருந்து விடுவித்த விதத்தை விவரித்தார் என்றுதான் இருக்கிறது. யாக்கோபை இழந்து உட்கார்ந்திருந்த அந்தக் கூட்டத்தாரிடம், என் விசுவாசத்துக்குப் பதில் கிடைத்தது என்று அவர் சொன்னதாக ஒரு வார்த்தையும் இல்லை. என் முறை வந்தபோது நான் நடந்ததை மட்டும் சொன்னேன். கிடைக்காமல் இருந்த வருடங்களையும் சேர்த்தே சொன்னேன். அந்த வருடங்களில் தேவன் என்னைவிட்டுத் தூரமாகப் போயிருக்கவில்லை என்றும் சொன்னேன். கூட்டம் முடிந்ததும் ஒரு அம்மா வந்து கையைப் பிடித்துக்கொண்டு, தன் மகனுக்கு இன்னும் வேலை அமையவில்லை என்று அழுதார். வெற்றியை மட்டும் சொல்லியிருந்தால் அவர் என்னிடம் வந்திருக்க மாட்டார்.

மேலதிகாரியிடம் தனியாகப் போய்ப் பேசினேன். மத்தேயு 18:15 சொல்கிறபடி முதலில் அவரிடம் மட்டும். அவர் ஒப்புக்கொள்ளவில்லை, "அப்போ நீங்களே தானே ஒண்ணும் செய்யலைன்னு சொன்னீங்க" என்றார். அதற்கு மேல் நான் வாதாடவில்லை. மன்னிப்பு எனக்கு ஒரே நாளில் வரவில்லை, பல நாள் அவர் பெயரைச் சொல்லி ஜெபித்த பிறகே மெதுவாக வந்தது. அவர் ஒப்புக்கொண்டால்தான் மன்னிப்பேன் என்று காத்திருந்தால் இன்றும் காத்துக்கொண்டுதான் இருப்பேன். அந்தப் பெண்ணுக்கு, அவள் செய்த வேலையை விவரித்து நான் ஒரு பரிந்துரைக் கடிதம் எழுதிக் கொடுத்தேன், அதை அன்றே கொடுத்திருக்க வேண்டும். பழைய வருடத்து உயர்வைத் திருத்த முடியுமா என்று நிர்வாகத்தில் கேட்டுப் பார்த்தேன், முடிந்துபோன மதிப்பீட்டைத் திறக்க மாட்டார்கள் என்றார்கள். ஆகவே வருட முடிவு வரட்டும் என்று இருக்காதீர்கள். ஒரு வேலை முடிந்த வாரமே, என்ன செய்தீர்கள், உடன் யார் இருந்தார்கள் என்று தேதியோடு எழுதி மேலதிகாரிக்கு ஒரு மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள். உடன் உழைத்தவர்கள் பெயரை முதலில் எழுதுங்கள், நகலை அவர்களுக்கும் அனுப்புங்கள்.